மீன்தொட்டிக்குள் ஒரு குண்டூசி

"என் டிகிரி சர்டிபிகேட்டக் குடுங்க, மொதலாளி."

வேலையில் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பிக் கேட்கவே கூடாதென்று அவர் சொல்லியிருந்ததை ஐரின் கேட்டுவிட்டாள். நாளை ஆயக்குடிப் பள்ளியில் அவளுக்கு நேர்முகத் தேர்வு; அதற்காக நேற்றே அவரிடம் லீவு சொல்லியிருந்தாள்.

ஜவுளிக்கடை முதலாளி பொன்னுத்துரை மீன்தொட்டியைக் காட்டினார். "மோட்டாரக் கெடுத்தது நீதான? ஓட வச்சுட்டு வாங்கிக்க, தாயி."

நேற்றுவரை ஓடியது இன்றைக்குப் பார்த்து நின்றதே அவளுக்குச் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரின் மூடியைத் திருகினாள். சுற்றாமல் இறுகிக் கிடந்த காந்த விசிறியை நகத்தால் நெம்பி இழுத்தாள். அதில் ஒரு குண்டூசி ஒட்டியிருந்தது.

"தண்ணி இழுக்குற வாயில வலை இருக்கு. மூடியத் தெறக்காம ஊசி எப்படி உள்ள போகும்?"

சட்டைப் பட்டியில் குத்தியிருந்த குண்டூசி வரிசையைப் பொன்னுத்துரையின் ஒரு கை மறைத்தது. மறுகை மேசை டிராயரைத் திறந்தது.

சான்றிதழை வாங்கிக்கொண்டாள்.

"ஏத்தா, இத மாட்டிட்டுப் போ!"

"கழட்டத் தெரிஞ்சவருக்கு மாட்டத் தெரியாதா?" என்றபடி படியிறங்கினாள்.