தலையணை லாரிக்கு எட்டுப் பலகை

எங்கள் லாரி கம்பெனி மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் முன்ஜாக்கிரதை. வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் கையில் மழைக்கோட்டு இல்லாமல் வெளியே வரமாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் அபராதம் விழுந்தது. ஆசிட் கேன் ஏற்றிய லாரி ஒன்றை ஆபத்துப் பலகை மாட்டாமல் அனுப்பிவிட்டார்கள். சோதனைச் சாவடியில் பிடித்த அதிகாரி, மேனேஜரை நேரில் வரவழைத்து, டிரைவர்கள் எல்லாரும் பார்க்க வெளுத்து வாங்கிவிட்டார்.

புத்தியுள்ள ஆள் என்ன செய்வான்? என்ன சரக்கோ அதற்கான பலகையைப் பார்த்து மாட்டச் சொல்வான். முன்ஜாக்கிரதையோ, கடையில் இருந்த ஆபத்துப் பலகைகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்தார். வெடிக்கும், எரியும், விஷம், தோலை அரிக்கும், கதிர்வீச்சு, தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் என்றெல்லாம் எட்டு வகை, எட்டு நிறம். எட்டையும் எல்லா லாரியிலும் நாலு பக்கமும் ரிவெட் அடித்து இறுக்கச் சொன்னார்.

"சார், என் வண்டியில ஏத்துறது தலையணை" என்றேன்.

"இன்னைக்குத் தலையணை. நாளைக்கு?"

"நாளைக்கு மெத்தை சார்."

"விதண்டாவாதம் பண்ணாதீங்க. பலகை இல்லேன்னாத்தான் அபராதம். கூட இருந்தா யாரு கேக்கப் போறா?"

கேட்டார் ஒருவர், ஆற்றுப் பாலத்துக் காவலாளி. ஆபத்தான சரக்கு பாலத்தில் ஏறக்கூடாது. எட்டுப் பலகையோடு வந்த என் லாரியைப் பார்த்ததும் மனிதர் விசிலை வாயிலிருந்து எடுக்காமல் ஊதிக்கொண்டே பின்வாங்கி நடந்தார். தலையணை என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் தலையணைகள் எல்லாம் கல்குவாரி ரோட்டைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. அது ரோடே இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் புழுதி.

என்னோடு வருவது என் மனைவியின் தம்பி. வருஷக்கணக்காகச் சுமை ஏற்றி இறக்கி, ஒருவழியாக லாரி லைசென்ஸுக்கு மனுப் போட்டிருந்தான். அடுத்த வாரம் டெஸ்ட். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வளைவு வரும்போதெல்லாம் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துப் பழகுவான்.

"அத்தான், இப்ப நான் பிடிச்ச பிரேக்குலதான் வண்டி நின்னுச்சு" என்று சிரிப்பான்.

அன்றைக்கும் மிதித்துக்கொண்டுதான் வந்தான். வளைவில் கல் லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. நான் ஒடித்தேன். வண்டியின் அவன் பக்கம் போய்ப் பாறையில் மோதியது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அவனுடைய வலது கால் நசுங்கிய தகரத்துக்குள் மாட்டிக்கொண்டது.

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டபடி ஓடினேன். வண்டியோ கூப்பிடு தூரத்திலேயே நின்றுவிட்டது. அதிகாரி இறங்கிப் பைனாகுலரை வைத்து எங்கள் லாரியை வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் வெளுத்தது.

"ஒரு பலகை தண்ணி அடிங்குது, இன்னொண்ணு அடிக்காதேங்குது! என்னய்யா ஏத்தியிருக்கீங்க?"

"தலையணை சார்! உள்ள ஆள் மாட்டியிருக்கான், கட்டர் கொண்டு வாங்க!"

"எல்லாரும் பின்னாடி போங்க" என்று தன் ஆட்களை இன்னும் தள்ளி நிற்கவைத்தார்.

பிறகு கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் முன்ஜாக்கிரதையின் குரல் கேட்டது. தலையணை என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால் பொய்ப் பலகை மாட்டியதாக இன்னொரு அபராதம் வருமே!

"பலகையில என்ன போட்டிருக்கோ அதை வச்சு முடிவு பண்ணுங்க சார். நான் வாயால எதுவும் சொல்றதுக்கில்லை" என்று வைத்துவிட்டார்.

பின்கதவைத் திறந்து ஒரு தலையணையை இழுத்தேன். எல்லார் கண் முன்னாலும் நடுரோட்டில் அதைப் போட்டு, அதன் மேல் தலை வைத்துப் படுத்துக் காட்டினேன். அதிகாரி கொஞ்சம் யோசித்தார்.

"முன்வரிசையில தலையணை. உள்ள என்னன்னு யாருக்குத் தெரியும்?"

ஆகவே உள்ளே ஏறி ஒவ்வொன்றாக வெளியே எறிந்தேன். மச்சான் அலறிக்கொண்டிருந்தான். பாறை மேலும் புதர் மேலும் தலையணை. பள்ளத்தில் உருண்டது எத்தனையோ. பாதி எறிவதற்குள் அவன் அலறல் முனகலாகிவிட்டது. அந்த முனகல் அலறலைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது. லாரியின் தரைப்பலகை தெரிந்த பிறகுதான் வந்தார்கள். வந்தவர்கள் வெண்ணெய் மாதிரி தகரத்தை வெட்டி அவனை வெளியே எடுத்தார்கள். அவ்வளவு சுலபமான வேலை அது.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்" என்றார் டாக்டர். வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு முன்ஜாக்கிரதை வந்தார். கையில் மழைக்கோட்டு. கட்டிலின் கால்மாட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க தம்பி. உங்களுக்குன்னே ஒரு வேலை வச்சிருக்கேன். வண்டிகளுக்குப் பலகை அடிக்கிறது. அதிகம் நடக்க வேண்டியதில்லை பாருங்க."

என் மனைவி எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. "என் தம்பி காலைப் பறிச்ச பலகையை அவன் கையாலயே அடிக்கணுமா? நீயெல்லாம் மனுஷனாய்யா?"

மச்சான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். "விடுக்கா" என்றான். பிறகு மேனேஜரிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டான்:

"எல்லா வண்டிக்கும் எட்டையும் அடிக்கணுமா சார்?"

"கம்பெனி வண்டி ஒண்ணு விடாம. நமக்குப் பாதுகாப்புதானே முக்கியம்?"

"சரி சார். ஒண்ணு விடமாட்டேன்."

எனக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஆளிடம் வேலைக்கா என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

கட்டையை ஊன்றிக்கொண்டு அவன் வேலைக்கு வந்த முதல் நாள், லாரிகளை எல்லாம் தாண்டி ஷெட்டின் கடைசிக்குப் போனான். அங்கே மேனேஜருக்குக் கம்பெனி கொடுத்த புதுக் கார் நின்றது. தரையில் உட்கார்ந்து துளைபோடும் மெஷினை எடுத்தான். கதவு, பானெட், டிக்கி என்று நாலு பக்கமும் எட்டெட்டு. ஒவ்வொரு ரிவெட்டையும் அசைத்துப் பார்த்து இறுக்கினான். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அதாவது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் காரைப் பார்த்த முன்ஜாக்கிரதை தாம்தூம் என்று குதித்தார். "கம்பெனி வண்டிதானே சார்?" என்றான் மச்சான். நகத்தால் சுரண்டிப் பார்த்தார், சாவியால் நெம்பிப் பார்த்தார், பலகை அசையவில்லை. கடைசியில் அப்படியே, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் எனக்குக் கொடுத்திருந்த மாற்று லாரியில் பின்னாலேயே போனேன்.

பாலத்தில் விசில் சத்தம் காதைத் துளைத்தது.

"நான் மேனேஜர்யா! உள்ள ஒண்ணுமே இல்ல, டிபன் பாக்ஸ்தான் இருக்கு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க" என்றார் காவலாளி.

கல்குவாரி ரோடு திறந்துதான் கிடந்தது. முன்ஜாக்கிரதை அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அதில் வண்டி ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று அவருக்குத் தெரியாதா? காரை ஓரம் கட்டிப் பூட்டிவிட்டு, மழைக்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாலத்தின் மேல் நடக்க ஆரம்பித்தார்.

நடக்கட்டும். அவருக்குத்தான் இரண்டு காலும் இருக்கிறதே.