கிட்டுசாமி வாங்கிய டார்க் ரெஞ்ச்

இரண்டாயிரத்து நாலாம் வருசம் ஆவணியிலிருந்து பெருமாநல்லூர் கிட்டுசாமியின் கார் ஒர்க்‌ஷாப்பில் யாரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சு போதும் என்கிற இடம் வந்ததும், சுவரில் மாட்டியிருந்த ஜெர்மன் டார்க் ரெஞ்ச் யாரும் தொடாமலேயே 'டக்' என்று சொல்லிவிடும். நட்டை முடுக்கும்போது சரியான இறுக்கம் வந்ததும் டக் சொல்வதுதான் அதன் வேலை. வாங்கின காசுக்கு உபரியாக இன்னொரு வேலையும் பார்க்கிறது என்று ஊரார் எடுத்துக்கொண்டார்கள்.

காசு பதினெட்டாயிரம். அவர் மனைவி பூவாத்தாள் பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கி வீட்டிலேயே பனியன் தைக்கலாம் என்று நாலு வருசம் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது. மெஷின் வாங்கக் கோயமுத்தூர் போன கிட்டுசாமி ரெஞ்சோடு வந்து இறங்கினார். எப்படி என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டினாராம், அவ்வளவுதான்.

"ஏனுங்க, ஒரு நட்டை முடுக்கறதுக்கு ஒரு மெஷின் காசுங்களா?" என்றாள்.

"அம்மிணி, எஞ்சின் ஹெட் போல்ட்டைக் கையளவுல முடுக்குனா கேஸ்கெட் போயிரும். கேஸ்கெட் போனா என்ற பேரு போயிரும்."

அதுவரைக்கும் நியாயம். பெட்டிக்குள் டக் என்றது. பல்லி என்று நினைத்தார். அந்த வட்டாரத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நட்டு இறுகின பிறகும், வண்டிக்காரர் மனசு நிறையட்டும் என்று இன்னொரு இழுப்பு இழுப்பார்கள். பாதி வண்டிகளில் நட்டின் மரை தேய்ந்து போவது அதனால்தான். கிட்டுசாமி பேச்சிலும் அப்படி. "நீ தெக்கிற கோணத் தையலுக்கு மெஷின் ஒண்ணுதான் கேடு" என்று சிரித்துக்கொண்டே இழுத்தார். பூவாத்தாள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் கொமரலிங்கத்துக்கு, அண்ணன் ஊட்டுக்குப் போய்விட்டாள்.

ரெஞ்ச் தன் விலைக்கு நியாயம் செய்தது. அது முடுக்கிய எஞ்சின் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எக்ஸ்போர்ட்காரர்களின் குவாலிஸும் ஸ்கார்ப்பியோவும் ரோடு வரைக்கும் வரிசை கட்டின. சாமளாபுரத்துத் தறிக்காரர் கந்தப்பன், பங்காளியோடு பதினொரு வருசம் பேசித் தீராத வரப்புத் தகராறை ரெஞ்சுக்குக் கீழே நாலு வார்த்தையில் முடித்து, ஆயிலும் மாற்றிக்கொண்டு போனார். கல்யாணத் தரகர் ஒருவர் மட்டும் உள்ளே வராமல் ரோட்டிலிருந்தே ஹார்ன் அடிப்பார். ஆனால் மனுசர்கள் ஒர்க்‌ஷாப்பில் உட்காருவதே தேவையில்லாததைப் பேசத்தானே? டீ கிளாஸோடு வந்து, மழை ஏமாற்றியதையோ மருமகன் ஏமாற்றியதையோ ஆரம்பித்தால் ரெண்டாவது வரியில் டக். முதலில் சிரித்தார்கள், பிறகு பெஞ்சையே எதிர்க்கடைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். கிட்டுசாமி தனக்குத்தானே "சோறு கொழஞ்சு போச்சு" என்றால் அதற்கும் டக். வண்டிகள் வந்தன, சரியாயின, போயின. கொமரலிங்கத்து நம்பரை அழுத்துவார். 'ஹலோ'வுக்கே டக் என்றுவிட்டால் என்ன செய்வது என்று ரிசீவரை வைத்துவிடுவார். அப்படியே மூன்று வருசம்.

அதற்கடுத்த பொங்கல் கழிந்து, தன் வாயைத் தானே நம்பாமல் ரெஞ்சையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, உடுமலையில் பஸ் மாறிப் போனார். அண்ணன் வீட்டு முன்னறையில் பூவாத்தாள் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஓவர்லாக்கில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள், மெஷினை நிறுத்தாமல்.

"தப்பு என்ற மேலதான் புள்ளே." பையைப் பார்த்தார். சத்தமில்லை. "கோணத் தையல்னு சொன்னதும் தப்பு." சத்தமில்லை.

"ஏனுங்க பையையே பாக்கறீங்க, பாம்பு கீம்பு வெச்சிருக்கறீங்களா?"

விசயத்தைச் சொன்னார். மெஷின் நின்றது.

"அப்ப அதையெடுத்து இப்படி நடுவுல வைங்க. எனக்கும் மூணு வருசப் பேச்சு கெடக்குது. எந்த எடத்துல போதுங்குதுன்னு பாத்தர்லாம்."

மத்தியானம் வரைக்கும் திட்டினாள். பிறகு அவர் குழைந்த சோற்றைப் பற்றி, எதிர்க்கடைக்குப் போன பெஞ்சைப் பற்றிச் சொன்னார். அவள் ஊசி ஏறிய விரலைக் காட்டினாள். அண்ணன் மனைவி மூன்று தடவை காப்பி வைத்தாள். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. ரெஞ்ச் வாயே திறக்கவில்லை.

காலையில் அவள் அவரோடு கிளம்பவில்லை. "இங்க எனக்கு வேலையிருக்குதுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்க, இன்னும் பாதிகூட ஆகுல" என்றாள்.

கெட்டுவிட்டதோ என்று ரெஞ்சைக் கோயமுத்தூரில் கொடுத்துச் சோதித்தார். அளவு துல்லியம் என்று சீட்டுக் கொடுத்தார்கள். பெருமாநல்லூரில் அது வாரம் ஆறு நாளும் பழையபடி டக் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை. இப்படியே ரெண்டு வருசம் ஆயிற்று. பஸ் கண்டக்டருக்கும் விசயம் தெரியும். இருந்தாலும் மஞ்சப்பைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிப்பதை அவர் விடவில்லை.