பதிமூன்று கிலோ பலகை

என் மனைவி ஜாய்லின் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். தண்ணீரில் பலகை போட்டு, அதன்மேல் நின்றுகொண்டே துடுப்புப் போடுவாள். மணப்பாட்டுக் கடலில் வாடகைப் பலகையில் பழகியது. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று முடிவானதுமே வீட்டில் சண்டை ஆரம்பமாகிவிட்டது.

காற்றடிக்கிற பலகையில் இரண்டு வகை. துணிக்கு வெளியே பிளாஸ்டிக்கில் ஒற்றைத் தோல் போட்டது எட்டு கிலோ, இரட்டைத் தோல் போட்டது பதிமூன்று. போன வருடம்தான் அவளுக்குத் தோள்பட்டை இறங்கி ஆபரேஷன் நடந்தது. இன்னொரு தடவை இறங்கினால் துடுப்பையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இவளோ பதிமூன்று கிலோதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"லேசானத வாங்குட்டி. தோள் இறங்கி வந்து நின்னா நான் பொறுப்பில்ல."

"இனி நம்மூர்ப் பக்கத்துக் குளத்துலதான் ஓட்டப்போறேன். குளம் பூரா கருவேல முள்ளு. லேசானது எப்படித் தாங்கும்? உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க."

எனக்கா தெரியாது? சங்கரன்கோவிலில் ஆறு தறி ஓட்டுகிறவன் நான். கடைக்காரர் அனுப்பியிருந்த சாம்பிள் துண்டு இரண்டையும் பிடுங்கிக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போனேன். ஓரத்தைப் பிளேடால் கீறி விரித்தேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி. நடுவில் அரையடி உயரத்துக்கு முழுக்க நூல், தலைமயிர் போல நெருக்கமாக. ஒவ்வொன்றும் மேல்துணியில் நுழைந்து, கீழ்துணிக்கு இறங்கி, மறுபடி மேலே ஏறியிருந்தது. இரண்டு துணியையும் ஒரே தறியில், ஒரே நேரத்தில் நெய்திருக்கிறார்கள்! பூதக்கண்ணாடி வைத்து நூலை எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்த, என்னிடம் வேலை செய்யும் மைதீன் பாட்சா, "அண்ணாச்சி, இத நெய்தவன் மனுசன்தானா?" என்றான். நெசவு தெரியும் என்று இத்தனை வருடம் நான் அடித்த பெருமையெல்லாம் அன்றோடு போயிற்று.

உள்நூல் இரண்டிலும் ஒன்றுதான், லேசானதே போதும் என்று சொல்ல வீட்டுக்கு ஓடி வந்தேன். அதற்குள் அவள் பதிமூன்று கிலோவுக்கு ஆர்டர் போட்டிருந்தாள். நான்கு நாள் நான் முகம்கொடுத்துப் பேசவில்லை.

பலகை வந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் கரிவலம்வந்தநல்லூர்க் குளத்துக்குப் போனோம். அவளைத் தூக்கவிடக் கூடாது என்றுதான் முதன்முதலாகக் கூடப் போனேன். பம்ப் அடிக்க அடிக்க, பாயாகச் சுருண்டு கிடந்தது கட்டைபோல விறைத்தது. உள்ளே அத்தனை நூலும் நிமிர்ந்து நிற்பதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நானே சுமந்துபோய்த் தண்ணீரில் இறக்கினேன்.

"முன்னால ஏறுங்க" என்றாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதுட்டி."

"லைப் ஜாக்கெட் ரெண்டு கொண்டாந்திருக்கேன்."

"ரெண்டு பேரத் தாங்குமா?"

"லேசானது தாங்காது, நடுவுல வளையும். அதான் இத வாங்குனேன். மூணு வருசமா மணப்பாட்டுக்கு நான் தனியாத்தான போறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பலகை துளிகூட வளையவில்லை. பின்னால் அவள் எழுந்து நின்று துடுப்பைப் போட்டாள். கரை விலகியது. குளம் இவ்வளவு பெரிது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கண் கலங்கி எதிர்க்கரை மங்கலாகத் தெரிந்தது. அவள் கவனித்தாளோ என்னவோ, துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.