பட்டியலில் இல்லாத சிப்பி

என் மாமியார் ஹெனரோசாவின் பெயருக்குத் தாராளம் என்று பொருள். பெயரோடு சரி.

போன வருடம் கார்மென் மாதா திருநாளில், எல்லாம் கலந்து வைத்த கடல் குழம்பு சாப்பிட்டு, அதுவரை எதைத் தின்றும் ஒன்றும் ஆகாத என் உதடு வீங்கியது. அன்றிலிருந்து கடலில் விளைந்த எதையும் நான் தொடவில்லை. கடலில் சிப்பி வளர்க்கும் மிதவை மூன்று வைத்திருக்கும் வீட்டில் இப்படி ஒரு மருமகள். அவர் விடுவாரா?

"மலைக்காரி. கஷ்கொட்டை தின்னு வளர்ந்த உடம்பு. வேலைக்குப் பயந்துக்கிட்டு வாய வீங்க வச்சுக்கிட்டா," என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

கடைசியில் ஒவ்வாமைச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தே தீர வேண்டியதாயிற்று. அவரும் கூடவே வந்தார், நான் ஏமாற்றிவிடுவேனாம். எதெதற்குச் சோதிக்க வேண்டும் என்று நர்ஸ் என்னைத்தான் கேட்டாள். பதில் சொன்னது அவர்.

"இறால், நண்டு, சிங்கி இறால். எல்லாத்தையும் பாத்துடுங்கம்மா. இவ வண்டவாளம் வெளிய வரட்டும்."

சிப்பியை அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சிப்பி விருந்துப் பண்டம் இல்லை. அது உருளைக்கிழங்கு மாதிரி, தினமும் அடுப்பில் இருப்பது. நான்கு வருடம் அந்த வீட்டில் இருந்த எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

முடிவு வந்தது. ஒன்றுமே இல்லை. இந்த வருடத் திருநாள் பந்தியில், பதினாறு சொந்தக்காரர்கள் முன்னால் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளைப் படித்தார். பிறகு இறால் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு ஒலாயா. ரத்தம் பொய் சொல்லாது. வாய்தான் சொல்லும்."

என் கணவன் பிரைஸ் தன் ஒயின் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஐந்து இறால் தின்றேன். நண்டின் காலை உடைத்து உறிஞ்சினேன். ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் பொய்க்காரிதானோ என்று எனக்கே தோன்றியது. அதைவிடக் கேவலம் வேறு வேண்டுமா?

ஹெனரோசா எழுந்து வந்து என் சோற்றில் ஒரு கரண்டி சாறு ஊற்றினார்.

"இது வெறும் சிப்பி. இத முழுங்கவும் டாக்டர் சீட்டு வேணுமா?"

முழுங்கினேன். இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. நாற்காலியோடு சாய்ந்தபோது, "பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டா," என்று அவர் சொன்னது காதில் விழுந்தது.

பிரைஸ்தான் தூக்கிக்கொண்டு ஓடினான், இல்லையென்று சொல்ல மாட்டேன். தொடையில் ஊசி போட்டார்கள். மூச்சு திரும்பியதும் டாக்டரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "சிப்பி." மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை பட்டியலை நானே சொன்னேன்.

பத்து நாள் கழித்து முடிவை வாங்க நானும் பிரைஸும் மட்டும் போனோம். சிப்பிக்கு நேரே பெரிய எண் இருந்தது. அடுத்த முறை உயிருக்கே ஆபத்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள் என்றார் டாக்டர். காரில் ஏறியதும் பிரைஸ் அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அம்மாகிட்ட சிப்பின்னு சொல்ல வேண்டாம். இறால்தான்னு சொல்லிக்கலாம்."

"ஏன்?"

"அப்பா போனதுக்கப்புறம் அந்தச் சிப்பியிலதான எங்கள வளர்த்தாங்க. அது ஆள கொல்லும்னு சொன்னா தாங்க மாட்டாங்க."

"நாளைக்கு உங்கம்மா என் தட்டுல அதே சாற ஊத்துனா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"நீ சாப்பிடுற மாதிரி பாவன பண்ணிடு."

அவன் பையில் கைவிட்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் நிறுத்தச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். எங்கள் மலைப்பக்கம் போகும் வண்டி நான்கு மணிக்கு என்று சொன்னேன்.