பாறைக்கு அப்பால் ஒரு தூண்டில்

பிறை ஊர்த் துறையில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எதிரே தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்குப் புறப்பட்ட தொங்கான் கரை சேரவில்லை. நடுவழியில் பிடித்த சுமத்ராக் காற்று என்ற திடீர்ப் புயல், அந்தச் சரக்குத் தோணியை ஜெலுத்தோங் கரையைத் தாண்டித் தெற்கே இழுத்துப் போய்க் கவிழ்த்தது. தோணியில் மூன்று கூலிகள்: அய்யாக்கண்ணு, அவன் தம்பி சின்னையா, சிநேகிதன் வின்சென்ட். கவிழ்ந்த தோணிக்கு அடியில் சின்னையா போனதை இருவரும் கண்ணால் பார்த்தார்கள். அவன் மேலே வரவில்லை.

மற்ற இருவரும் ஒதுங்கிய இடம் ஆளில்லாத ஒரு திட்டு. கொஞ்சம் மணல், புதர். நடுவே செங்குத்தான பாறை, கடலுக்குள் நீண்டு திட்டை இரண்டாகப் பிரித்தது. பாறைக் குழியில் மழைத்தண்ணீர் இருந்தது. தின்ன எதுவும் இல்லை.

கிழிந்து காலியான கோணி ஒன்று கரை ஒதுங்கியது. வின்சென்ட் அதன் நூலைப் பிரித்து, தொடையில் வைத்து உருட்டிக் கயிறாக்கினான். கழுத்தில் தொங்கிய, மாதா படம் தைத்த துணி உத்தரியத்தைச் சட்டையோடு சேர்த்துக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, கல்லில் வைத்து வளைத்தான்.

"உங்க மாதா கோவிச்சுக்க மாட்டாங்களாடா?" என்றான் அய்யாக்கண்ணு. தம்பி போனபின் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"மாதாவுக்கு மீன் பிடிக்கிறவங்களை நல்லாத் தெரியும்லா."

பாறையில் ஒட்டியிருந்த மட்டியை உடைத்து, சதையை ஊக்கில் செருகினான். மீன் கடித்தது. ஆனால் ஊக்கில் மீனைப் பிடித்து நிறுத்தும் எதிர்முள் இல்லை. கயிறு கொஞ்சம் தளர்ந்தாலும் மீன் கழன்றுவிடும். முதல் மீன் கழன்றது. அடுத்ததும் கழன்றது. வின்சென்ட் ஆத்திரத்தில், திட்டே அதிரும்படி மீனின் பரம்பரையை இழுத்துத் திட்டினான். கடைசியில் ஒரே வெட்டு இழுப்பில் ஒரு சின்னக் கொடுவாய் மீனைக் கரையில் தூக்கிப் போட்டான். தீப்பெட்டி நனைந்துபோயிருந்தது. பச்சையாகவே கிழித்து நீட்டினான்.

அய்யாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அவன் கிடக்கிற தண்ணிடா இது. இந்த மீன் எதைத் தின்னுச்சோ!"

"தின்னாட்டி நீயும் போயிடுவ அண்ணே."

அவன் தின்னவில்லை.

மறுநாள் விடியலில் கடல் நிறைந்து நின்றது. நீர்மேல் வெள்ளையாக மூட்டம். வின்சென்ட் தூண்டிலை இறக்கிய சமயம், பாறை முனைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே!"

இருவரும் உறைந்தார்கள். சின்னையாவின் குரல்.

வின்சென்ட் வாயைத் திறந்தான். அய்யாக்கண்ணு பாய்ந்து அதைப் பொத்தினான். "பதில் குடுக்காத! செத்தவன் கூப்பிட்டாப் போயிடக் கூடாது. மனுஷன்னா மூணு தடவை கூப்பிடுவான். மூணாவதுக்குப் பேசுவோம்."

"அண்ணே!"

இம்முறை குரலில் தண்ணீர் கலந்திருந்தது. அய்யாக்கண்ணு வின்சென்ட்டின் வாயை இன்னும் அழுத்திப் பொத்தினான். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தான். அலை வந்து பாறையில் மோதித் திரும்பியது. மீண்டும் மோதியது.

மூன்றாவது குரல் வரவில்லை.

"பாத்தியா? நான் சொல்லலை?" என்றான் அய்யாக்கண்ணு. சொன்னவன் உட்கார்ந்து அழுதான்.

உச்சிவேளையில் நீர் வற்றிப் பாறையின் அடி தெரிந்தது. வழுக்குக் கல்லைப் பிடித்து இருவரும் மறுபக்கம் போனார்கள். அங்கேயாவது தின்னக் காய் ஏதும் கிடைக்கும் என்று வின்சென்ட்தான் இழுத்துப் போனான்.

காய் இல்லை. மணலில் மீன் செதில்கள் கிடந்தன, இன்னும் காயவில்லை. ஒரு கல்லின்மேல் முள்ளும் தலையும். பக்கத்தில், மடித்து, காற்றில் பறக்காதபடி கல் வைத்த ஒரு தலைத்துண்டு. வேட்டியைக் கிழித்து முறுக்கிய கயிறு ஒன்று பாறையில் கட்டியிருந்தது. அதன் மறுமுனை பள்ளத் தண்ணீருக்குள் இறங்கித் துடித்துக்கொண்டிருந்தது.

வின்சென்ட் இழுத்தான். ஒரு கெளுத்தி உயிரோடு வந்தது. அதன் வாயில், கொக்கியாக நிமிர்த்தி வளைத்த ஒரு செம்புக் காது வளையம்.

அய்யாக்கண்ணு அதைத் தொட்டுப் பார்த்தான். தம்பிக்குக் காது குத்தியபோது மடியில் அவனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அவன்தான்.

"இங்கதான் இருந்திருக்கான்," என்றான் வின்சென்ட். "நேத்து நான் கத்தினது கேட்டிருக்கும் அண்ணே. தண்ணி ஏறிக் கிடந்ததால விடியல்ல நம்மகிட்ட நீந்தி வந்துதான் கூப்பிட்டிருக்கான்..."

கால்தடங்கள் நீரை நோக்கி, பாறை முனைப் பக்கமாகப் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

அய்யாக்கண்ணு கடலைப் பார்த்து, "சின்னையா! இங்க இருக்கேன்டா!" என்று கத்தினான். ஒரு கடற்பறவை எழுந்து பறந்தது. அவன் கெளுத்தியைக் கழற்றி மணலில் வைத்தான். வளையத்தில் புதிதாக மட்டிச் சதை குத்தி, கயிறு சிக்காமல் மெதுவாகப் பள்ளத்தில் இறக்கினான்.

"என்ன அண்ணே பண்றே?"

"பசியோட வருவான்டா."

சாயங்காலம் பாய்மரத் தோணி ஒன்று திட்டை ஒட்டி வந்தது. வின்சென்ட் சட்டையைக் கழற்றி வீசினான். தோணிக்காரர் ஹபீப் முகம்மது பாயைச் சுருட்டிவிட்டு, கையை வாயருகே குவித்துக் கேட்டார்.

"எத்தனை பேரு தம்பி?"

வின்சென்ட் இரண்டு விரலை உயர்த்தப் போனான். அதற்குள் அய்யாக்கண்ணு எழுந்து நின்றுவிட்டான்.

"மூணு பேரு பாய்," என்றான் சத்தமாக. "கொஞ்சம் பொறுங்க. தூண்டிலைப் போட்டுட்டுப் பக்கத்துலதான் போயிருக்கான்."