இரண்டு, இரண்டு, இரண்டு

நோட்டுப் புத்தகத்தில் பதினெட்டு நாளைக்கும் இரண்டு என்றே எழுதியிருந்தது. நூர்ஸாதா கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டிப் பார்த்தாள். அப்படியும் இரண்டுதான்.

நாரின் என்ற ஊரில், நடை பழகும் குழந்தைகள் உள்ள ஏழு வீடுகளில் இப்படி ஏழு நோட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். குழந்தை எப்படி நடக்கத் தொடங்குகிறது என்று ஆராய்வதுதான் பிஷ்கெக் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேலை. தினமும் அம்மா ஐந்து தடவை கூப்பிட வேண்டும். எதையும் பிடிக்காமல் அன்றைக்கு அதிகபட்சம் எத்தனை எட்டு வைத்ததோ, அதை எழுத வேண்டும். மற்ற ஆறு நோட்டுகளிலும் எண்கள் தாறுமாறாகக் கிடந்தன. புருலாயின் மகன் பெக்ஜானுக்கு மட்டும் கடிகாரம் போல இரண்டு.

“நோட்டை அப்புறம் பாருங்கக்கா,” என்று தேநீர்க் கிண்ணத்தை நீட்டினாள் புருலாய். “முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை விருந்தை வச்சுக்கவா, தள்ளிப் போடவா? இவன் நடந்துட்டான்னுதானே கால்கயிறு அறுக்க நாள் குறிச்சோம்? இவன் ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டி எல்லார் முன்னாடியும் அறுக்கக் கறுப்பும் வெள்ளையுமா கயிறு முறுக்கியாச்சு, அறுபது பேருக்குச் சொல்லியாச்சு. இவன் என்னடான்னா திரும்பவும் தவழறான். ‘நடந்தது பிள்ளையா, உன் வாயா’ன்னு கேக்கறா என் நாத்தனார்.”

“தவழறானா? நோட்டுல நேத்துகூட ரெண்டுன்னு இருக்கே?”

புருலாய் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள்.

“ஒரு நாள்கூட மாறவே இல்லையா, புருலாய்?”

“மாறாம இருப்பானா? ஒரு நாள் ஒன்பது வச்சான். அதைப் போய் எழுத்துல எழுதினா கண்ணு பட்டுடாதா? மறுநாள் ஒண்ணுமே வைக்கல. அதை எழுதினா நீங்க என்ன நெனைப்பீங்க? ரெண்டுன்னா யாருக்கும் தொந்தரவில்ல.”

நூர்ஸாதாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் தள்ளிவிட்டு ஆவல்தான் முன்னால் வந்தது. பென்சிலை எடுத்தாள்.

“சரி, இப்ப நெஜத்தைச் சொல்லு.”

“எனக்கெங்க ஞாபகம்?”

“நடுவுல கம்பளி விரிப்பைத் துவைச்சேன்னு வாசல்ல சொன்னியே, அது என்னிக்கு?”

“செவ்வாய்க்கிழமை. அட ஆமா, அன்னிக்கு வெறும் பலகைத் தரையில ஏழு வச்சான்! மறுநாள் விரிப்பைப் போட்டதும் ஒண்ணு வச்சுட்டு உக்காந்துட்டான். புது பூட்ஸ் மாட்டின அன்னிக்கு சைபர். ஒன்பது வெள்ளிக்கிழமை. அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் சைபர்தான்.”

“முதல் வாரம்?”

“அது நெஜமாவே ரெண்டு, மூணு, ரெண்டு. சத்தியமா.”

நூர்ஸாதா புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்தாள். முதலில் படுத்துக் கிடந்த கோடு, போகப் போக மேலும் கீழும் பெரிது பெரிதாகத் துள்ளியது.

“பாரு, எவ்வளவு அழகா இருக்கு!”

“அழகா? கெட்டுப் போச்சுன்னுதானே நானும் சொல்றேன்!”

“கெடல. பழசு கலையுது, புதுசு இன்னும் கூடி வரல. நடைங்கறது தலைக்குள்ள ஒளிஞ்சிருந்துட்டு ஒரு நாள் குதிச்சு வெளிய வர்றதில்ல. காலோட பலம், உடம்போட கனம், தரை, பூட்ஸ், நீ கூப்பிடற குரல், இத்தனையும் ஒண்ணா ஒத்துப் போகணும். ஒத்துப் போறதுக்கு முன்னாடி...”

“குதிரை மாதிரியா?”

“எந்தக் குதிரை?”

“எந்தக் குதிரையும்தான். நடந்துட்டிருக்கறதை விரட்டினா, ஓட்டத்தைப் பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி நாலு காலும் சண்டை போடும். புதுசா ஏறினவன் பயந்துபோய் லகானை இழுப்பான். எங்கப்பா கத்துவாரு, ‘இழுக்காதேடா மடையா, அது மாறுது’ன்னு.”

நூர்ஸாதா பென்சிலைக் கீழே வைத்தாள். வகுப்பில் இதைப் புரியவைக்க அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அப்போதும் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள்.

“அதேதான். அச்சு அசல் அதேதான்.”

“அப்ப ஞாயித்துக்கிழமைக்குள்ள மாறிடுவானா?”

“அது தெரியாது.”

“இவ்வளவு படிச்சுமா?”

“மாறப் போறான்னு தோணுது. நாள் சொல்ல என்னால முடியாது, புருலாய். பதிமூணு மாசம்தானே ஆகுது, குறைன்னு இப்பவே பயப்படாத. கொஞ்ச நாள் பாப்போம். அப்பவும் மனசு கேக்கலேன்னா டாக்டர்கிட்ட நானே கூட வரேன்.”

புருலாய் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு போனை எடுத்தாள்.

“அண்ணி, ஞாயித்துக்கிழமை வேணாம். ஆமா, தவழறான். என் வாயில்ல, பிள்ளைதான் நடந்தான். வெள்ளிக்கிழமை ஒன்பது எட்டு. ஆமா, ஒன்பதுதான், நல்லா கேட்டுக்கங்க! நேத்து ஒண்ணுமில்ல. எப்ப வைக்கறதா? அவனுக்கே தெரியாது, எனக்கெப்படித் தெரியும்?”

மறுமுனையில் நாத்தனாரின் குரல் ஓய்வதாக இல்லை. புருலாய் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

“அறுபது பேருக்கும் நானே சொல்லிக்கறேன், அண்ணி. ஒளிக்க என்ன இருக்கு?” என்றாள்.

அறையின் அந்தப் பக்கம் பெக்ஜான் அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். ஒரு கையை எடுத்தான், திரும்ப வைத்தான், மறுபடி எடுத்தான். இருவரும் பார்த்தார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.