பச்சை எழுத்து

அந்த ஆஸ்பத்திரியில், பரிசோதனைக் கூடத்து முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்பும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். செவ்வாய்க்கிழமை காலை ரத்தப் பரிசோதனை இயந்திரத்தின் இணைப்பு சத்தமில்லாமல் அறுந்துபோனது. பதில் வரும் என்று புரோகிராம் காத்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அவள் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. திரையில் 'காத்திருக்கிறது' என்ற பச்சை எழுத்து மட்டும். மூன்று மணி நேரம்.

ஏழாம் வார்டில் ஒரு பஸ் டிரைவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அந்த முடிவு இயந்திரத்துக்குள்ளேயே கிடந்தது. பதினொன்றரைக்கு அவர் இதயம் நின்றுவிட்டது.

மதியம் மேலாளர் அவள் மேஜைக்கு வந்தார்.

"உன்னை யாரும் குத்தம் சொல்லல. புரோகிராமை டெஸ்ட் பண்ணவங்களும்தான் இதைப் பாக்கல."

"எழுதினது நான் சார்."

"சரி விடு. இப்போ எத்தனை விநாடி வைக்கலாம்?"

"அஞ்சு. ஒழுங்கா இருந்தா ரெண்டுலயே வந்துடும்."

உட்கார்ந்து அடித்தாள். முதலில் காத்திருப்பதை மட்டும் நிறுத்தினாள். ஆனால் இயந்திரத்திலிருந்து முடிவைப் படிக்கும் பழைய வாசிப்பு அடியில் அப்படியே இணைப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தது, அடுத்த முடிவு அதன் பின்னால் மாட்டிக்கொண்டது. பிறகு வாசிப்பையே ரத்து செய்து, இணைப்பை மூடித் திறக்கச் சொன்னாள். அப்போதும் வராவிட்டால் வார்டில் மணி அடிக்கும். அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. விரல்கள் பாட்டுக்கு வேலை செய்தன.

நாலு மணிக்குச் சோதிக்க ஏழாம் வார்டுக்குப் போனாள். கீழே பரிசோதனைக் கூடத்தில் இயந்திரத்தின் கேபிளை வேண்டுமென்றே பிடுங்கினார்கள். மணி அடித்தது.

"காலையில ரெண்டு தடவை பாத்தேன்மா," என்றாள் நர்ஸ். "பச்சையா இருந்துச்சு. வந்துடும்னு விட்டுட்டேன்."

வெளியே பெஞ்சில் டிரைவரின் மனைவி, அவருடைய துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு இறப்புச் சான்றிதழுக்காகக் காத்திருந்தாள். மணிச் சத்தத்தில் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். புரோகிராம் எழுதியவள் போய் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ரிசல்ட் வராம போனதுக்கு நான் எழுதுன புரோகிராம்தான் காரணம்."

அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"இதைக் காகிதத்துல எழுதித் தருவியா? என் பொண்ணு கேப்பா. எனக்குச் சொல்லத் தெரியாது."

நர்ஸிடம் தாள் வாங்கி, நடந்ததை ஆறு வரியில் எழுதி, கையெழுத்துப் போட்டாள். அந்த அம்மாள் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றதால் வாசித்தும் காட்டினாள்.

அந்தத் தாளைப் பற்றி மறுநாளே அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வாரத்தில் அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.